நெடுஞ்சாலையின் தார்த்தளம் 50 ஆண்டு உழைக்குமா?

எங்கள் ஊர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலையை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டி எடுத்துத் திரும்பத் தார் போடுகிறார்கள். ஒரு தலைமுறைக்கு உழைக்கும்படி தார்ச்சாலையை வடிவமைக்கவே முடியாதா, இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சாலைத்தள வடிவமைப்பிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முடியும், பல இடங்களில் முடிந்தும் இருக்கிறது. 35 ஆண்டுக்கு மேலாக அடிப்பகுதி பழுதாகாமல் உழைத்துவரும் தார்ச்சாலைகளுக்கு அமெரிக்காவில் 2001 முதல் விருதே வழங்கி வருகிறார்கள். 1951இல் திறக்கப்பட்ட நியூ ஜெர்சி டர்ன்பைக் அதைப் பெற்ற முதல் சாலைகளுள் ஒன்று. இத்தகைய சாலைகளிலும் மேலடுக்கை அவ்வப்போது சுரண்டிப் புதுப்பிக்கத்தான் செய்கிறார்கள். ஆகவே உங்கள் ஊரில் சாலையைச் சுரண்டுவதை மட்டும் வைத்து அது கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு ஆழத்துக்குச் சுரண்டுகிறார்கள், சுரண்டிய பிறகு அடியில் இருப்பது முழுமையாக இருக்கிறதா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஒரு சொல் விளக்கம். நாம் தார் என்று சொல்வது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கடைசியில் எஞ்சும் பிட்டுமென். நிலக்கரியிலிருந்து வரும் உண்மையான தார் வேறு பொருள். ஆனாலும் ஊர் வழக்கை ஒட்டித் தார் என்றே எழுதுகிறேன்.

நம் நெடுஞ்சாலையின் குறுக்குவெட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இயற்கை மண் அல்லது கரை மண். அதன் மேல் 500 மி.மீ. அளவுக்குத் தேர்ந்தெடுத்து இறுக்கிய மண். அதன் மேல் நீர் வடிய வேண்டிய கிராவல் அடுக்கு. அதன் மேல் வெட்மிக்ஸ் என்னும் ஈரக்கலவை ஜல்லி. இவற்றுக்கு மேல்தான் தார்க்கலவை வருகிறது. அதிலும் கீழே பெரிய ஜல்லி கொண்ட டென்ஸ் பிட்டுமினஸ் மெக்கடம், மேலே சிறிய ஜல்லி கொண்ட பிட்டுமினஸ் கான்கிரீட் என்று இரண்டு வகை அடுக்குகள் உண்டு. நம் கண்ணில் படுவது கடைசியாகச் சொன்ன 40 அல்லது 50 மி.மீ. மட்டுமே.

லாரியின் சக்கரம் கடக்கும்போது இந்தத் தார்த்தளம் மிக நுண்ணிய அளவில் வளைகிறது. வளையும் எந்தப் பலகைக்கும் மேற்புறம் அழுந்தும், அடிப்புறம் இழுபடும். தார்த்தளத்தின் அடிப்புறம் இப்படி ஒவ்வொரு அச்சுக்கும் ஒருமுறை இழுபட்டு மீள்கிறது. இழுபடும் அளவு பெரிதாக இருந்தால், ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது ஒருநாள் முறிவதைப் போல, அடியில் நுண்விரிசல் தோன்றி மெல்ல மேலேறும். அது கண்ணில் படும்போது முதலைத்தோல் போன்ற வலையாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் தளத்தின் முழு ஆழமும் ஏற்கெனவே உடைந்திருக்கும். அதன் மேல் 40 மி.மீ. புதுத் தார் போடுவது புண்ணை மூடி மறைப்பதற்குச் சமம். கீழே இருக்கும் விரிசல் சில மழைக்காலங்களுக்குள் அதே இடத்தில் மேலே வந்துவிடும். உங்கள் ஊர்ச் சாலையில் ஒரே இடம் திரும்பத் திரும்பக் கெடுகிறது என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

நீடித்து உழைக்கும் தார்த்தளத்தின் மூலக்கருத்து இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அடிப்புற இழுவையை ஒரு வரம்புக்குக் கீழே வைத்திருந்தால், எத்தனை கோடி முறை சக்கரம் கடந்தாலும் அங்கே விரிசல் தொடங்குவதில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கார்ல் மோனிஸ்மித் 1970களின் தொடக்கத்திலேயே அந்த வரம்பு ஏறத்தாழ 70 மைக்ரோஸ்ட்ரெயின் என்று முன்வைத்தார். 1 மீட்டர் நீளம் 0.07 மி.மீ. நீள்வதையே அந்த எண் குறிக்கிறது. நீங்கள் எழுதும் தாளின் தடிமனைவிடக் குறைவு. 1997இல் பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வகம் தன் நாட்டின் மோட்டார்வழிச் சாலைகளைத் தோண்டி ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை இதற்குக் களத்திலிருந்து வலுச்சேர்த்தது. போதிய தடிமனில் ஒழுங்காகப் போடப்பட்ட சாலைகளில் விரிசல் மேற்புறத்திலிருந்தே தொடங்குகிறது, சக்கரத்தடப் பள்ளமும் மேலடுக்குகளுக்குள்ளேயே நின்றுவிடுகிறது, அடியில் இருக்கும் கலவையோ ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வலுப்பெறுகிறது என்று அது கண்டது. அப்படியானால் ஒரு வரம்பைத் தாண்டிய பின் தடிமனைக் கூட்டிக்கொண்டே போவதும் வீண்செலவே.

நம் நாட்டில் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வெளியிடும் ஐ.ஆர்.சி. 37 என்னும் வழிகாட்டி நூலே நெகிழ்தளங்களுக்கான, அதாவது தார்ச்சாலைகளுக்கான அடிப்படை. அதன் 2018 பதிப்பு, 30 கோடி நிலை அச்சுகளுக்கு (கணக்குக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளும் 8.16 டன் அச்சுகளுக்கு) மேல் போக்குவரத்து வரும் சாலைகளை நீடித்த ஆயுள் தளங்களாக வடிவமைக்கலாம் என்கிறது. தள வெப்பம் 35 பாகை செல்சியஸ் என்று கொண்டு, தாரின் அடிப்புற இழுவைக்கு 80 மைக்ரோஸ்ட்ரெயினும், மண்ணின் மேற்புற அழுத்தத்துக்கு 200 மைக்ரோஸ்ட்ரெயினும் வரம்பாகத் தருகிறது. முதல் வரம்பு விரிசலைத் தடுக்கிறது. இரண்டாவது, மண் அமிழ்ந்து சக்கரத்தடம் பள்ளமாவதைத் தடுக்கிறது.

எத்தனை முறை இழுபட்டால் தளம் விரிசல் விடும் என்று சொல்லும் அந்த நூலின் களைப்புச் சமன்பாட்டில், இழுவைக்கு உள்ள அடுக்கெண் (கணிதத்தில் வரும் அடுக்கு) 3.89. எண்ணாகப் பார்த்தால் மிரட்டாது. விளைவாகப் பார்த்தால்தான் அதன் வீச்சு புரியும். இழுவையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் ஆயுள் ஒன்றரை மடங்காகிறது. பாதியாகக் குறைத்தால் ஏறத்தாழ 15 மடங்காகிறது. ஆக, முதலில் கூடுதலாகப் போடும் சில சென்டிமீட்டர் பல ஆண்டுகளைச் சம்பாதித்துத் தருகிறது. தடிமன் பற்றிய உங்கள் எண்ணம் இந்த அளவுக்குச் சரியே.

ஆனால் அந்தத் தடிமன் எந்தச் சுமைக்காக? நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி இது.

வழக்கமான வடிவமைப்பில் எல்லா லாரிகளையும் 80 கிலோ நியூட்டன், அதாவது 8.16 டன் கொண்ட நிலை அச்சுக்கு ஈடாக மாற்றிக் கூட்டுகிறோம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகருக்கு அருகில் 1958 முதல் 1960 வரை ராணுவ வீரர்களைக் கொண்டு லாரிகளை இரவும் பகலும் ஓட்டிச் செய்த சோதனையிலிருந்து, சாலைக்கு வரும் சேதம் அச்சுச்சுமையின் நான்காம் அடுக்கை (சுமையை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வரும் மதிப்பை) ஒட்டிக் கூடுகிறது என்ற விதி பிறந்தது. 2018இல் மத்திய அரசு, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான அனுமதிச் சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கேட்க 13 விழுக்காடுதான். நான்காம் அடுக்கில் போட்டுப் பாருங்கள்: ஒரு அச்சு விளைக்கும் சேதம் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. சட்டப்படி போகும் அந்த 11.5 டன் அச்சு ஒன்று, நிலை அச்சு நான்குக்குச் சமம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நான்குவழிச் சாலை ஒன்றில் ஒரு திசையில் நாளொன்றுக்கு 3000 வணிக வாகனங்கள், ஆண்டு வளர்ச்சி 5 விழுக்காடு, அதிகம் பயன்படும் வழித்தடத்துக்கு அதில் 75 விழுக்காடு, வாகனச் சேதக் காரணி (ஒரு வாகனம் எத்தனை நிலை அச்சுக்குச் சமம் என்பது) 5 என்று கொண்டால், 20 ஆண்டில் சுமார் 13.6 கோடி நிலை அச்சுகள் வரும். பக்கத்தில் கல்குவாரியோ சிமெண்ட் ஆலையோ வந்து, அதிகச் சுமை லாரிகளால் அந்தக் காரணி 8 ஆகிவிட்டால், அதே எண்ணிக்கை பதினான்கரை ஆண்டிலேயே முடிந்துவிடும். ஒப்பந்ததாரர் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்திருந்தாலும் சாலை ஐந்தரை ஆண்டு முன்னதாகவே சாகும்.

இது எண்ணிக்கைக் கணக்கு. நீடித்த ஆயுள் தளத்துக்கு இதைவிடக் கடுமையான கணக்கு ஒன்று உண்டு. அங்கே எத்தனை அச்சு என்பதைவிட, வரும் அச்சுகளில் மிகக் கனமானது எது என்பதே தீர்மானிக்கிறது. வரம்புக்கு உட்பட்ட அச்சு எத்தனை முறை வந்தாலும் தளம் பொறுத்துக்கொள்ளும். வரம்பை மீறும் அச்சு ஒவ்வொன்றும் அடியில் ஒரு கீறலைப் போட்டுவிட்டுப் போகும். நிலை அச்சுக்கு 80 மைக்ரோஸ்ட்ரெயின் வருமாறு வடிவமைத்த தளத்தில், சட்டப்படியான 11.5 டன் அச்சே ஏறத்தாழ 110க்கு மேல் இழுத்துவிடும். 16 டன் அச்சு இரட்டிப்பாக இழுக்கும். ஆகவே நிலை அச்சை மட்டும் மென்பொருளில் இட்டு, வரம்புக்குள் வருகிறது என்று கோப்பை மூடிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தடத்தில் உண்மையில் ஓடும் அச்சுகளை எடைபோட்டு, கனமானவற்றையும் தனியே இட்டுப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு 30, 40 மி.மீ. கூட்டுவதா, எடைமேடையை ஒழுங்காக இயக்கி அதிகச் சுமையைத் தடுப்பதா என்பதை முடிவு செய்யலாம். இரண்டும் இல்லாமல் நீடித்த ஆயுளை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

அடுத்து, எந்த அடுக்கில் எந்தக் கலவை என்பது. அடியில் இருக்கும் அடுக்கு இழுபட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே அங்கே தார் சற்றுக் கூடுதலாகவும் காற்றிடைவெளி குறைவாகவும் இருக்க வேண்டும். மேலிருந்து ஏறத்தாழ 100 மி.மீ. ஆழம் வரை சக்கரத்தின் நறுக்குவிசை மிகக் கடுமை. அங்கே ஜல்லி ஜல்லியோடு பூட்டிக்கொண்டு நிற்கும் உறுதியான கலவை வேண்டும். மேலடுக்கு தேய்மானத்தையும் வெயிலையும் மழையையும் தாங்க வேண்டும்; அதற்குப் பாலிமர் சேர்த்த தாரோ, பெரிய ஜல்லி மிகுந்த ஸ்டோன் மாஸ்டிக் கலவையோ பொருந்தும். 2003இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில், துறைமுகச் சரக்கு லாரிகள் இடைவிடாமல் ஓடும் 710ஆம் எண் நெடுஞ்சாலையை இந்தக் கோட்பாட்டின்படியே மாற்றிக் கட்டினார்கள். மேம்பாலங்களுக்கு அடியில் பழைய கான்கிரீட்டைத் தோண்டி எடுத்துவிட்டு 325 மி.மீ. தடிமனுக்குத் தார்க்கலவை போட்டார்கள். அதில் அடியிலிருந்த 75 மி.மீ. அடுக்குக்கு அரை விழுக்காடு கூடுதல் தார். வார இறுதிகளில் 55 மணிநேரம் சாலையை மூடி வேலையை முடித்துத் திங்கட்கிழமை காலை போக்குவரத்துக்குத் திறந்துவிட்டார்கள் என்பது, திட்டமிடல் எவ்வளவு நுணுக்கமாக இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

நம்முடைய வெயிலில் தாரின் தரம் தனிக்கவனம் பெற வேண்டிய ஒன்று. சித்திரை, வைகாசியில் சாலையின் மேற்பரப்பு 60 பாகையைத் தாண்டும். ஐ.ஆர்.சி. கணக்கில் 35 பாகையில் வி.ஜி.30 தார் (வி.ஜி. என்பது தாரின் பிசுப்புத் தரம்; எண் கூடினால் தார் கெட்டி) கொண்ட கலவையின் விறைப்பு 2000 மெகாபாஸ்கல், வி.ஜி.40 தார் கொண்டதற்கு 3000. விறைப்புக் கூடும்போது அதே தடிமனில் இழுவை குறைகிறது. கனரகப் போக்குவரத்துள்ள சாலைக்குத் தார் விலையில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேட்டில் ஊர்ந்து ஏறும் லாரிகளும் சிக்னலில் நிற்கும் லாரிகளும் சுமையை நெடுநேரம் ஒரே இடத்தில் வைக்கின்றன; வெயிலில் இளகிய தார் அங்கேதான் அலை அலையாகத் தள்ளப்படுகிறது. சுங்கச்சாவடிகளில் கான்கிரீட் தளம் போடுவது அதனால்தான்.

இடையில் ஒன்று. நெகிழிக் கழிவைச் சூடான ஜல்லியின் மேல் பூச்சாகப் படியவைத்துப் பிறகு தார் சேர்க்கும் முறை மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இரா. வாசுதேவனின் உழைப்பால் பரவியது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. ஜல்லியிலிருந்து தார் உரிவதைக் குறைப்பதில் அதற்குப் பயன் உண்டு. ஆனால் நெகிழி போட்ட சாலை நூறாண்டு உழைக்கும் என்ற பேச்சை நம்பி அடிப்பகுதியைக் குறைத்துவிடக் கூடாது. மேலடுக்கில் சேர்க்கும் எந்தப் பொருளாலும் 200 மி.மீ. ஆழத்தில் நடக்கும் இழுவையைப் பெரிதாக மாற்ற முடியாது.

இனி, வரைபடத்தில் வராத ஒன்று: அடுக்குகளின் ஒட்டு. இரண்டு மரப்பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வெறுமனே வைத்து நடுவில் அழுத்துங்கள். பிறகு அவற்றைப் பசைபோட்டு ஒட்டி அழுத்துங்கள். ஒட்டிய பலகையின் வளைவு விறைப்பு நான்கு மடங்கு. நம் கணக்குகள் எல்லாம் தார் அடுக்குகள் ஒன்றோடொன்று முழுமையாக ஒட்டியிருப்பதாகக் கொண்டே போடப்படுகின்றன. அந்த ஒட்டைத் தருவது இரண்டு அடுக்குகளுக்கு இடையே மெல்லியதாகத் தெளிக்கும் எமல்ஷன், அதாவது நீரில் கலந்த தார். செலவில் மிகச் சிறியது. ஆதலால் மிக எளிதில் அலட்சியப்படுத்தப்படுவதும் அதுவே.

ஒருமுறை, போட்டு நான்கே ஆண்டில் விரிசல் விட்ட ஒரு நெடுஞ்சாலைக்குக் காரணம் காணச் சென்றிருந்தேன். உருளை மாதிரி எடுக்கும் இயந்திரத்தை இறக்கித் துளையிட்டோம். முழுத்தூணாக வர வேண்டியது இரண்டு துண்டாக வந்தது. மேல்துண்டின் அடிப்புறத்தை விரலால் தடவினேன். கறுப்பாகப் பிசுபிசுக்க வேண்டிய முகத்தில் செம்மண் தூசு அப்படியே ஒட்டியது. கீழ் அடுக்கைப் போட்ட பிறகு பல வாரம் லாரிகளை அதன்மேல் ஓடவிட்டு, படிந்த மண்ணைக் காற்றடித்துக்கூட நீக்காமல், தூசின் மேலேயே எமல்ஷனைத் தெளித்திருக்கிறார்கள். இரண்டு துண்டுகளின் தடிமனையும் கூட்டிப் பார்த்தால் வடிவமைப்பில் சொன்னதைவிட 5 மி.மீ. அதிகம். அளவுப் புத்தகத்தில் எல்லாம் சரி. சாலை மட்டும் இரண்டு மெல்லிய பலகைகளாக வேலை செய்து உடைந்துபோனது. நாங்கள் சோதித்த எட்டு மாதிரிகளில் ஒன்றுகூட ஒரே தூணாக வரவில்லை.

இறுக்கமும் அதே போல்தான். கலவை ஆலையிலிருந்து வரும்போது நல்ல கலவையாக இருந்தாலும், ரோலரின் அடியில் இறுகாவிட்டால் அது வெறும் கறுப்பு ஜல்லி. காற்றிடைவெளி 7 விழுக்காட்டைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் தளத்தின் ஆயுளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போகிறது என்று 1980களில் வாஷிங்டன் மாநிலத்தில் செய்த ஆய்வு கண்டது. வி.ஜி.40 தார் கொண்ட கலவையைக் குறைந்தது 150 பாகையில் பரப்பி, 100 பாகைக்குக் கீழே இறங்குவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு. டிப்பர் லாரி நெரிசலில் சிக்கி, தார்ப்பாய் மூடாமல் ஒன்றரை மணிநேரம் கழித்து வந்து சேர்ந்தால் மேலே ஓடு கட்டியிருக்கும். ஒரு மாலை அப்படி வந்த லோடில் வெப்பமானியைச் செருகினேன், 128 காட்டியது. திருப்பி அனுப்பச் சொன்னதற்குக் களத்தில் இருந்த மேற்பார்வையாளர், "ஐயா, பதினாறு டன் மாலுங்க" என்று கெஞ்சினார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஆறிப்போன கலவையை ரோலரை எத்தனை முறை ஓட்டினாலும் இறுக்க முடியாது, ஜல்லிதான் நொறுங்கும். அந்த லோடு போய்ச் சேரும் முப்பது மீட்டரே பிறகு முதல் மழைக்குக் குழியாகும்.

மழை என்றதும் நீருக்கு வருகிறேன். தார்ச்சாலைக்கு லாரியைவிடப் பெரிய பகை அடியில் தேங்கும் தண்ணீர்தான். கிராவல் அடுக்கைச் சாலையின் சரிவு முகம் வரை நீட்டி, வெளியே திறந்துவிட வேண்டும். உள்ளே இறங்கிய நீர் அதன் வழியாக வடிந்துவிடும். நடப்பில், தார் முடியும் இடத்திலிருந்து சிறிது தொலைவிலேயே கிராவலை நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு சாலையோரத்தைக் களிமண்ணால் கட்டிவிடுகிறார்கள். நீர் போக வழியில்லை. தளத்துக்கு அடியில் ஒரு தொட்டியே கட்டியாகிவிட்டது. ஐப்பசி மழை நின்று பத்து நாள் கழித்து அப்படி ஓர் ஓரத்தை வெட்டிப் பார்த்தோம். கடப்பாரை களிமண்ணைத் தாண்டிக் கிராவலைத் தொட்டதும் குழாயைத் திறந்தது போலத் தண்ணீர் பீறிட்டு வந்து, மதியம் வரை வடிந்துகொண்டே இருந்தது. நீரில் ஊறிய மண் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். அடியில் தாங்கல் குறைந்தால் மேலே வளைவு கூடும். வளைவு கூடினால் 80 மைக்ரோஸ்ட்ரெயின் என்று தாளில் எழுதியது தாளோடு நின்றுவிடும். சாலை நடுவில் செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றும் இடங்களிலும் இதே ஆபத்து உண்டு.

மதுரைக்குத் தெற்கே கோவில்பட்டிப் பக்கம் போகும்போது கரிசல் மண் வேறொரு சோதனை வைக்கிறது. மழையில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் அந்த மண்ணின் மேல் எவ்வளவு தடிமனாகத் தார் போட்டாலும், மண்ணின் ஏற்ற இறக்கம் தளத்தை நீளவாட்டில் பிளந்துவிடும். அங்கே மண்ணை மாற்றுவதோ, சுண்ணாம்பு கலந்து அதன் குணத்தை மாற்றுவதோ, ஈரம் ஏறி இறங்காமல் கரையின் ஓரங்களை அடைப்பதோ முதலில் நடக்க வேண்டும். தாரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். முதல் செலவு கூடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்கமான தளத்தில் பதினைந்து, இருபது ஆண்டில் முழு ஆழத்தையும் தோண்டிப் போட வேண்டிவரும். அப்போது போக்குவரத்தைத் திருப்பிவிடுவதும், புதிதாக ஜல்லிக்கு மலையை உடைப்பதும் சேர்ந்துகொள்ளும். நீடித்த ஆயுள் தளத்தில் மேலே இருக்கும் 40, 50 மி.மீ. அடுக்கைச் சுரண்டி எடுத்து, அதே கனத்துக்குப் புதிதாகப் போட்டால் போதும். சுரண்டிய கலவையையும் மறுபடி பயன்படுத்தலாம். ஒப்பந்தப் பொறுப்புக் காலம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும் முறையில், முப்பதாவது ஆண்டைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் காரணம் இல்லாமல் போகிறது. ஆயுட்காலச் செலவை வைத்து ஒப்பந்தப்புள்ளியை மதிப்பிடும் வழக்கம் பரவினாலொழிய இது மாறாது என்று நினைக்கிறேன்.

சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போகும் வழக்கத்தால் சென்னைத் தெருக்களில் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்துபோனதை எல்லோரும் அறிவோம். 2021இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர், பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று அறிவுறுத்தியதற்கு அதுவே காரணம். வெள்ளத்தை நினைத்துச் சொல்லப்பட்டாலும், தள வடிவமைப்பின் பார்வையிலும் அது மிகச் சரியான வழி. ஒரே நிபந்தனை, சுரண்டுவதற்கு முன் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எடையை விழச்செய்து தளம் அமிழும் அளவைப் பல தொலைவுகளில் பதிவுசெய்யும் கருவி. ஐ.ஆர்.சி. 115 என்னும் நூல் அதன் முறையைச் சொல்கிறது. அமிழ்ந்த கிண்ணத்தின் வடிவிலிருந்து, பலவீனம் தாரிலா ஜல்லியிலா மண்ணிலா என்று பின்னோக்கிக் கணக்கிட்டு அறியலாம். சில ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் மழைக்காலம் முடிந்த கையோடு இந்தச் சோதனையைச் செய்தால், விரிசல் கண்ணில் படுவதற்கு முன்பே அடிப்பகுதியின் நிலை தெரிந்துவிடும்.

மற்றது இன்னும் எளிது. பெரும்பாலானோர் விரிசல் இல்லாத நல்ல இடமாகப் பார்த்து உருளை மாதிரி எடுக்கிறார்கள். விரிசலின் நடுவிலேயே இயந்திரத்தை வைத்து எடுக்க வேண்டும். வெளியே வந்த தூணைக் கழுவி, வெயிலில் சற்று உலரவிட்டால், ஈரம் விரிசலுக்குள் மட்டும் தங்கி ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு மேலிருந்து 30, 40 மி.மீ. இறங்கி நின்றுவிட்டால், சாலையின் எலும்பு நன்றாக இருக்கிறது, 50 மி.மீ. சுரண்டிப் புதிதாகப் போடுங்கள், இன்னும் பல ஆண்டு உழைக்கும். கோடு அடியில் அகலமாகத் தொடங்கி மேலே மெலிந்து வந்தால், சுரண்டுவதற்கு ஒதுக்கிய பணத்தை அந்த இடத்தில் செலவிடாதீர்கள். நீர் எங்கே தேங்குகிறது என்று ஓரத்தை வெட்டிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊர்ச் சாலையில் அடுத்தமுறை சுரண்டும் இயந்திரம் வருவதற்கு முன், அப்படி எடுத்த மாதிரிகளின் படத்தையும் அறிக்கையையும் கேட்டுப் பெறுங்கள்.